இரண்டு நிமிட த்ரில்லரும் ஒரு கெட்டிலும்

2014 ஜனவரியில் ஒரு கேள்வித்தாளில் பொய் எழுதிக் கொடுத்தேன். கேட்டது என் அக்கா மகள். அப்போது அவள் இங்கிலாந்தில் ஏ லெவல் முதல் வருஷம், மீடியா ஸ்டடீஸ் ஒரு பாடம். நாலு பேர் சேர்ந்து ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுத்திருந்தார்கள், இரண்டு நிமிஷம். அதோட ரஃப் கட்டையும் பத்துக் கேள்விகளையும் அனுப்பி, "மாமா, உங்க ஃப்ரெண்ட்ஸ் கிட்டயும் குடுங்க, நிறைய பேர் பதில் வேணும்"னு சொல்லியிருந்தாள். மீதிப் படத்தைப் பார்க்க ஆசை வருதா என்று ஒரு கேள்வி, 1 முதல் 5 வரை மதிப்பெண். நான் 5 போட்டேன். உண்மையான பதில் 2. ஆபீஸில் பக்கத்து சீட்காரரும் 5 போட்டார், அவர் வீடியோவை முழுசா பார்த்தாரா என்பதே சந்தேகம்.

அந்த இரண்டு 5-ம் போய் ஒரு பார் சார்ட்டில் உட்கார்ந்தன. கதை அங்கே முடிந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

போன மாசம் தூக்கம் வராத சில ராத்திரிகளில் இந்த வகைப் படங்களை யூடியூபில் வரிசையாகப் பார்த்தேன். பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள் எடுத்த த்ரில்லர் தொடக்கங்கள். குவிந்து கிடக்கின்றன. முழுப் படம் எதற்கும் கிடையாது, எல்லாமே தொடக்கம் மட்டும்தான். வாசல் வைத்து, கோலமும் போட்டு, வீடு கட்டாமல் விட்ட தெரு மாதிரி இருக்கும். இதற்குக் காரணம் ஒரு பாடத்திட்டம். அதைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஓ.சி.ஆர். என்ற ஆங்கிலேயத் தேர்வு வாரியம் 2008-இல் கொண்டுவந்த ஏ.எஸ். மீடியா ஸ்டடீஸ் பாடத்தில் செய்முறைக்கு 100 மதிப்பெண். ஆராய்ச்சி, திட்டமிடலுக்கு 20, எடுத்த படத்துக்கு 60, எடுத்த பிறகு எழுதும் சுய மதிப்பீட்டுக்கு 20. வீடியோவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வேலை இதுதான்: ஒரு புதிய கதைப் படத்தின் டைட்டிலும் தொடக்கமும், அதிகபட்சம் இரண்டு நிமிஷம். ஒரு குழுவில் நாலு பேருக்கு மேல் கூடாது. இசை, சத்தம் தவிர எல்லாமே பிள்ளைகள் எடுத்ததாக இருக்கணும். வெளியே இருந்து எடுக்கும் இசையும் காப்புரிமைச் சிக்கல் இல்லாததாக இருக்கணும். (கெவின் மெக்லியாட் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் தன் இசையை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதனால் இந்தப் படங்களில் பாதி ஒரே வீட்டில் நடப்பது மாதிரியே கேட்கும்.)

இதற்கு முன்னால் ஒரு சின்ன பயிற்சி உண்டு. ஒருத்தர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, இன்னொருத்தர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு வரி பேசணும். அவ்வளவுதான். அசைவு அறுபடாமல் ஷாட் மாற்றத் தெரியுமா, பேசுகிறவர்களை மாற்றி மாற்றிக் காட்டத் தெரியுமா, 180 டிகிரி கோட்டைத் தாண்டாமல் கேமரா வைக்கத் தெரியுமா என்று பார்ப்பதற்கு. நம்ம சி லேங்குவேஜ் லேபில் 'ஹலோ வேர்ல்ட்' எழுத வைப்பார்களே, அது மாதிரி. நான் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மொத்தப் பாடத்திட்டத்திலும் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கதவுப் பயிற்சிதான். வீட்டில் போனை வைத்து முயற்சி செய்து பாருங்கள். கதவுக் குமிழில் கை வைக்கும் ஷாட்டும் உள்ளே இருந்து கதவு திறக்கும் ஷாட்டும் ஒரே வேகத்தில் சேரவே சேராது.

சரி, அந்தப் படங்கள் எப்படி இருக்கும்? ஒரு காடு, அல்லது இரண்டு பக்கமும் வேலி போட்ட சந்து. தனியாக நடக்கும் பெண். ஹூடி போட்ட உருவம். காலடிகளின் குளோசப். அவள் திரும்பிப் பார்ப்பாள், யாரும் இல்லை. மறுபடி நடப்பாள், வேகமாக. மூச்சுச் சத்தம். கை ஒன்று தோளில் விழும். கறுப்புத் திரை. படத்தின் பெயர், பெரும்பாலும் ஒரே சொல்.

காடும் பகலும் ஏன் இவ்வளவு என்று முதலில் புரியவில்லை. அக்கா மகள்தான் சொன்னாள். குளிர்காலத்தில் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் இருட்டிவிடும். பள்ளியில் தரும் கேமராவால் இருட்டில் எடுத்தால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஆகவே சனிக்கிழமை பகல், பக்கத்தில் இருக்கும் மரக்கூட்டம். ஹூடி ஏன்? நாலு பேர் குழுவில் வில்லனாக நடிப்பவனும் கேமராக்காரனும் ஒரே ஆள், முகம் தெரியாமல் இருந்தால் யார் வேண்டுமானாலும் போட்டுக்கலாம். 'ஜானரின் மரபு' என்று சுய மதிப்பீட்டில் எழுதியிருப்பதில் பாதி இப்படிப்பட்ட வசதிதான். அதில் தப்பே இல்லை. வசதியை வசதி என்று எழுதினால் நான் ரசித்துப் படிப்பேன்.

இவர்கள் எல்லாரும் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் படம் ஒன்று உண்டு: டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்', 1995. கைல் கூப்பர் செய்த அதன் டைட்டில் காட்சி. பிளேடு, தைக்கும் ஊசி, கையெழுத்து நிறைந்த நோட்டுப் புத்தகங்கள், கீறி எழுதினது மாதிரி நடுங்கும் எழுத்துகள். அதைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் போட்டோக்களைக் கத்தரித்து, கண்ணில் சிவப்பு மையால் கோடு கிழித்து, சுவரில் ஒட்டியிருக்கிறார்கள் தெரியுமா!

ஆனால் 'செவன்' அந்த டைட்டிலோடு தொடங்கவே இல்லை. அதற்கு முன்னால் சில நிமிஷம் ஓடுகிறது. மார்கன் ஃப்ரீமேன் காலையில் வேலைக்குக் கிளம்புகிறார், சட்டை, டை, மேஜைமேல் வரிசையாக வைத்த தன் பொருட்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். ஒரு கொலை நடந்த வீட்டுக்குப் போகிறார், பிராட் பிட் வந்து சேர்கிறார். ராத்திரி படுக்கையில், வெளியே நகரத்தின் இரைச்சல். அவர் ஒரு மெட்ரோனோமை ஓடவிட்டு அதன் டிக் டிக்கில் கண்ணை மூடுகிறார். அதற்குப் பிறகுதான் அந்த டைட்டில். ஒழுங்காக அடுக்கி வைக்கும் ஒருத்தரைக் காட்டிவிட்டு, உடனே இன்னொரு விதமாக அடுக்கி வைக்கும் கைகளைக் காட்டுகிறது படம். முதலாமவரைப் பார்த்துவிட்டதால்தான் இரண்டாவது கை நம்மைத் தொந்தரவு செய்கிறது. பிள்ளைகள் பிளேடை எடுத்துக்கொண்டார்கள், மெட்ரோனோமை விட்டுவிட்டார்கள். பிளேடு கிடைப்பது சுலபம், சரிதான். ஆனால் டிக் டிக் சத்தம் அதைவிடச் சுலபம், போன் இருந்தால் போதும்.

அடுத்து டைட்டில். பாடத்திட்டம் டைட்டிலையும் கேட்கிறது, அதனால் நடிகர் பெயர், எடிட்டர் பெயர் எல்லாம் படத்தின் மேல் மிதக்கும். ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' 1958-இல் வந்தபோது இதே பிரச்சினை. ஒரு கை வெடிகுண்டில் நேரம் வைக்கிறது, கார் டிக்கியில் போடுகிறது, ஒரு ஜோடி வந்து காரை எடுக்கிறார்கள், கார் எல்லைக் கிராமத்துத் தெருக்களில் ஊர்ந்து போகிறது. மூன்று நிமிஷத்துக்கு மேல் வெட்டே இல்லாத ஒரே ஷாட். ஸ்டுடியோ அதன்மேல் டைட்டில் எழுத்துகளை ஓட்டி, ஹென்றி மான்சினியின் இசையை வைத்து வெளியிட்டது. தன்னிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட படத்தைப் பற்றி வெல்ஸ் ஒரு நீண்ட குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அதை வைத்து 1998-இல் வால்டர் மர்ச் மறுபடி எடிட் செய்தபோது டைட்டிலை எடுத்துவிட்டார். இசைக்குப் பதில் தெருவில் இருக்கும் கடைகளிலும் காரிலும் இருந்து வரும் பாட்டுகள். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் கண் எழுத்தைப் படிக்கப் போய்விடுகிறது, கார் எங்கே என்று தேடவே தோன்றுவதில்லை. இரண்டாவதில் அந்தக் காரை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது.

இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வகுப்பு போதும். டைட்டிலை எங்கே வைப்பது, பார்வையாளர் எதையுமே தேட வேண்டியிராத எந்த விநாடியில் வைப்பது என்பது. நான் பார்த்த படங்களில் பெரும்பாலும் ஹூடி உருவம் மரத்துக்குப் பின்னால் நகரும் அதே விநாடியில் உடை வடிவமைப்பாளர் பெயர் வருகிறது.

காசு இல்லை, நேரம் இல்லை, நடிகர் இல்லை என்பதைச் சாக்காக யாரும் சொல்லக் கூடாது என்பதற்குக் கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' இருக்கிறது. 1998. லண்டனில் நண்பர்களை வைத்து, எல்லாருக்கும் வேறு வேலை இருந்ததால் வார இறுதிகளில் மட்டும், கறுப்பு வெள்ளை 16 எம்.எம். பிலிமில். செலவு சில ஆயிரம் பவுண்டுதான். பிலிம் விலை அதிகம் என்பதால் காட்சிகளை முன்கூட்டியே நன்றாக ஒத்திகை பார்த்துவிட்டு ஒன்றிரண்டு டேக்கில் முடித்தார்கள். அது தொடங்குவது கையுறை போட்ட கைகள் ஒரு பெட்டியில் இருக்கும் சாமான்களை எடுத்துப் பார்ப்பதில். பிறகு ஒரு இளைஞன் வயசான ஒருவரிடம் தான் முன்பின் தெரியாத ஆட்களைப் பின்தொடர ஆரம்பித்ததை விளக்குகிறான். இதிலும் ஒருத்தன் இன்னொருத்தர் பின்னால் நடக்கிறான். அதே சந்து, அதே காலடி. வித்தியாசம், நாம் பின்தொடர்கிறவனோடு நடக்கிறோம். அவன் வில்லனா என்று நமக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

(நம்ம பக்கத்தில் 1954-லேயே எஸ். பாலச்சந்தர் 'அந்த நாள்' படத்தைத் துப்பாக்கிச் சத்தத்தில் ஆரம்பித்து, கதாநாயகன் சிவாஜியைத் தொடக்கத்திலேயே சாகடித்துவிட்டார். பாட்டும் கிடையாது. அதைப் பற்றித் தனியாக எழுதணும்.)

இப்போது அக்கா மகளின் படம். அந்த வகையில் அது சராசரி, கொஞ்சம் மேலே. ஒரு மாணவி பஸ்ஸிலிருந்து இறங்குகிறாள், பின்னால் ஒரு ஆள் இறங்குகிறான், அவள் சந்தில் நடக்கிறாள், திரும்பிப் பார்க்கிறாள், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துகிறாள். சாத்தின பிறகு 'அம்மா' என்று கூப்பிடுகிறாள், பதில் இல்லை. சமையலறைக்குப் போகிறாள். போன் வருகிறது, எடுக்கிறாள், மூச்சுச் சத்தம், கறுப்புத் திரை.

ரஃப் கட்டை முதல் தடவை பார்த்தபோது ஒரே ஒரு இடத்தில் எனக்கு முதுகு ஜில்லென்றது. அவள் சமையலறை வாசலில் நிற்கும்போது, ஓரத்தில் எலெக்ட்ரிக் கெட்டில் கொதிக்கும் சத்தம். மெல்ல ஏறுகிறது. ஆவி தெரிகிறது. 'டக்' என்று சுவிட்ச் தானாக அணைகிறது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை, போனை எடுக்கப் போய்விடுகிறாள்.

யாருமே இல்லாத வீட்டில் கெட்டிலை யார் போட்டது? போட்டு இரண்டு மூணு நிமிஷம்தான் இருக்கும். அப்போ அந்த ஆள் பின்னால் வரவில்லை, முன்னாலேயே உள்ளே வந்துவிட்டான். அல்லது பஸ்ஸில் வந்தவனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. நாம் சந்தில் ஒரு நிமிஷம் பார்த்த அத்தனையையும் அந்த ஒரு 'டக்' திருப்பிப் போடுகிறது.

ஸ்கைப்பில் பேசும்போது இதைச் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"மாமா, அது மிஸ்டேக். ஷூட் பண்ண வீட்டுல என் ஃப்ரெண்டோட அப்பா டீக்குத் தண்ணி வச்சிட்டு மேல போயிட்டார். நாங்க கவனிக்கவே இல்ல. டீச்சர் பார்த்துட்டு கன்டினியூட்டி எரர்னு சொல்லிட்டாங்க. சனிக்கிழமை ரீஷூட்."

"வேண்டாம்டா. அது ஒண்ணுதான் அதுல நல்லா இருக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "அப்போ ஏன் மாமா 5 போட்டீங்க?"

நான் என்னமோ சமாளித்தேன். சின்னப் பிள்ளை, தூர தேசம், உற்சாகப்படுத்தணும், இப்படி. அவள் அதைக் கேட்டுக்கொண்டாள், பதில் சொல்லவில்லை. பொறியியல் படித்தவனுக்கு இது தெரிந்திருக்கணும். ஆபீஸில் கோட் ரிவ்யூவில் ஒருத்தர் படிக்காமலே ஓகே கொடுத்தால் நான் குதிப்பேன், ஏனென்றால் அந்த ஓகேயை நம்பி இன்னொருத்தர் அடுத்த முடிவை எடுப்பார். இங்கே எடுத்தார்கள். நாலு பேரும் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அக்கா மகள் மட்டும் கெட்டில் இருக்கட்டும் என்றிருக்கிறாள். மற்ற மூவரும் பார் சார்ட்டைக் காட்டியிருக்கிறார்கள்: எல்லாருக்கும்தான் பிடிச்சிருக்கே, கெட்டிலை எடுத்தா என்ன குறைஞ்சிடப் போகுது? அந்த வாதத்துக்கு என் 5-ம் ஒரு சாட்சி. கெட்டிலைப் பற்றித் தனியாகச் சொல்ல அந்தக் கேள்வித்தாளில் இடமே இல்லை என்பதும் உண்மை, ஆனால் 2 போட்டிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

அந்த மூணு பேரையும் ஆசிரியரையும் நான் குறை சொல்ல மாட்டேன். படத்துக்கான 60 மதிப்பெண்ணுக்கு என்னென்ன பார்க்கிறார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஷாட் ஆடாமல் இருக்கிறதா, சட்டகத்துக்குள் தேவையானதை வைத்து வேண்டாததை விலக்கியிருக்கிறார்களா, தூரம் மாற்றி மாற்றி எடுத்திருக்கிறார்களா, நிறம், ஒளி, பொருள், இடம் யோசித்துத் தேர்ந்ததா, அர்த்தம் புரியும்படி எடிட் செய்திருக்கிறார்களா, சத்தம் பொருந்துகிறதா. எல்லாமே நியாயமான கேள்விகள்தான், ஒவ்வொன்றையும் சரிபார்த்து டிக் அடிக்க முடியும். எந்த டெஸ்டிலும் தோற்காத, ஆனால் யாரும் திறந்து பார்க்காத சாஃப்ட்வேரை நான் எழுதியிருக்கிறேன், அதனால் இந்தப் பட்டியலின் குறை எனக்கு உடனே தெரியும். மூன்றாவது நிமிஷம் வேணுமா என்பதை இது கேட்பதில்லை. கேட்டாலும் ஒரு ஆசிரியர் இருபது குழுக்களை எப்படி ஒரே மாதிரி அளப்பார்?

வெறும் விபத்தைப் பாராட்டலாமா என்றும் யோசித்தேன். அவர்கள் நினைத்துச் செய்யாத ஒன்றுக்கு ஏன் மதிப்பெண்? என் பதில்: எடுக்கும்போது விபத்து, அதைப் பார்த்த பிறகும் வைத்துக்கொண்டால் அது தேர்வு. எடிட்டிங் மேஜையில் நடக்கும் வேலையே அதுதான். ஆனால் வைத்துக்கொள்வதோடு விடக் கூடாது. கெட்டிலை வைப்பதென்றால் கடைசிப் போன் அழைப்பை எடுத்துவிடணும், ஏனென்றால் ஆள் உள்ளே இருக்கும்போது போன் எதற்கு? அந்த வாதத்தை நான் ஜனவரியில் அவர்களிடம் வைத்திருக்கணும்.

சனிக்கிழமை மறுபடி எடுத்தார்கள். புது ஷாட்டில் கெட்டில் ஓரமாக, குளிர்ந்து, சும்மா இருக்கிறது. வெளிச்சம் நன்றாக இருக்கிறது. பயம் இல்லை.

சுய மதிப்பீட்டில் ஏழு கேள்விகள், எல்லாக் குழுவுக்கும் ஒரே ஏழு. மரபுகளை எப்படிப் பயன்படுத்தினீர்கள், வளர்த்தீர்கள் அல்லது மீறினீர்கள், எந்தச் சமூகக் குழுவை எப்படிக் காட்டினீர்கள், எந்த நிறுவனம் விநியோகிக்கும், பார்வையாளர் யார், அவர்களை எப்படி ஈர்த்தீர்கள், தொழில்நுட்பம் என்ன கற்றீர்கள், அந்தக் கதவுப் பயிற்சியிலிருந்து இதுவரை என்ன முன்னேற்றம். கேள்விகள் மோசமில்லை. பதில்கள்தான் எல்லா வீடியோவிலும் ஒன்றாகவே இருக்கின்றன. விநியோகம் ஃபிலிம்4 அல்லது வார்ப் ஃபிலிம்ஸ், சான்றிதழ் 15, பார்வையாளர் 15 முதல் 25 வயசு, முன்னேற்றம் பிரமாதம். கடைசிக் கேள்வி 'முன்னேற்றம்' என்றே கேட்கிறது, 'பின்னேறினோம்' என்று எழுதும் தைரியம் பதினேழு வயசில் யாருக்கு வரும்?

இவள் எழுதினாள். ஏழாவது பதிலில் கெட்டில் கதையை முழுசாக எழுதியிருந்தாள். எங்களுக்கு இப்போது தொடர்ச்சி பிசகாமல் எடுக்கத் தெரியும், அந்தத் திறமையை வைத்துப் படத்தில் இருந்த ஒரே பயத்தை எடுத்துவிட்டோம் என்கிற பொருளில். ஐந்தாவது பதிலில், கேள்வித்தாள் முடிவுகளைத் தான் நம்பவில்லை, நிரப்பியவர்களில் பாதிப்பேர் உறவினர்கள், ஒருவர் பிறகு வேறு மாதிரி சொன்னார் என்றும் இருந்தது. அந்த ஒருவர் நான்தான். பெயர் போடாமல் விட்டதற்கு நன்றி.

மதிப்பெண் வந்தது. மொத்தம் நல்ல எண். எதுக்கு எவ்வளவு என்று கேட்டேன், "விடுங்க மாமா" என்றாள். 2017-இல் இந்தப் பாடமே மாறிவிட்டது, அவளும் இப்போது சினிமா பக்கம் இல்லை, மருந்தாளுநர் வேலை. இதை எழுதுவதற்கு முன்னால் பழைய ரஃப் கட் இருக்கா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துக் கணினியில் இருந்தது, வருஷக் கடைசியில் அழித்துவிட்டார்களாம். எனக்கு அனுப்பின லிங்க்கும் வேலை செய்யவில்லை. ரீஷூட் செய்த படம் மட்டும் யூடியூபில் இருக்கிறது. 1 நிமிஷம் 31-ஆவது விநாடியில் நிறுத்தினால் சட்டகத்தின் வலது ஓரத்தில் அந்தக் கெட்டில் தெரியும்.